மாதுளைப் பதியம்

கிளையில் கட்டியிருந்த பாலித்தீன் தாளுக்குள் ஆவி படிவதும் கலைவதுமாக இருந்தது.

ஆவி படிவது அதிசயம் இல்லை. பிரிட்ஜ் மெக்கானிக்காகவே ஆயுசில் பாதியைக் கழித்தவர் அவர். ஈரமும் சூடும் சந்திக்கும் இடத்தில் நீர் பூக்கும் என்பது அவருக்குக் கைப்பாடம். ஆனால் பூத்த நீர் அப்படியே நிற்க வேண்டும், இல்லையென்றால் வழிய வேண்டும். இது இரண்டையும் செய்யவில்லை. வெயில் இன்னும் மதிலைத் தாண்டாத அந்தக் காலை வேளையில், மாதுளைக் கிளையில் முட்டை போலத் திரண்டிருந்த அந்தக் கட்டுக்குள் வெள்ளைத் திட்டு ஒன்று மெல்லப் பரவி, கொஞ்சம் நின்று, உள்வாங்கி மறைந்து, மறுபடி பரவியது. பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே அவர் பார்த்துக்கொண்டு நின்றார். பேஸ்ட் நுரை தாடையில் இறங்கிச் சட்டையில் சொட்டியது. தன்னுடைய மூச்சும் அந்தத் திட்டின் தாளத்துக்கே போய்வந்துகொண்டிருப்பதை உணர்ந்ததும் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கண்ணுல கோளாறு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு முகம் கழுவப் போனார்.

அந்த வீட்டில் அவர் தனியாள். மனைவி போய் ஒரு மழைக்காலம் கடந்திருந்தது. சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு பின்னறையில்தான் அவள் கிடந்தாள். கட்டிலை ஒட்டி ஜன்னல்; ஜன்னலை ஒட்டி இந்த மாதுளை. உடம்பில் சேரும் நீர் வெளியேற வழி இல்லை, தண்ணீரை அளந்துதான் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவரும் மருந்து மூடியில் அளந்துதான் கொடுத்தார். வறண்ட நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிப் பிரியும் ஒரு 'ட்டக்', அதன் பின்னால் ஒன்றுமில்லாததை விழுங்கும் ஒரு சத்தம். கடைசி மாதங்களில் அந்த வீட்டின் கடிகாரமே அதுதான்.

வாய் கொப்பளிக்க மட்டும் அனுமதி இருந்தது. ஒரு வாய்த் தண்ணீரைக் கன்னம் புடைக்க அடக்கிவைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கிடப்பாள். முடிந்தமட்டும் வைத்திருப்பாள். அப்புறம் ஒரு சொட்டும் விழுங்காமல், ஜன்னல் கம்பி வழியாக மரத்தடியில் துப்பிவிடுவாள். நாள் முழுக்க இதே வேலை.

"எனக்கு மட்டும் மூடி மூடியா அளந்து ஊத்துங்க. மாப்பிள்ளைக்குக் குடம் குடமா போகட்டும்" என்று மரத்தைக் காட்டிக் கேலி செய்வாள். மரத்துக்கு அவள் வைத்த பெயர் மாப்பிள்ளை. சாகக் கிடந்தபோதும் அவளுக்கு வாய் குறையவில்லை.

வீடு வாடகை வீடு. சொந்தக்காரர் இடித்துக் கட்டப்போவதாகச் சொல்லிவிட்டார். அதைக் கேட்டதும் வெளியூரில் இருந்த மகள் போனில் அழுதாள்.

"வீடு போனா போகட்டும்பா. அந்த மரத்துலேர்ந்து ஒரு கன்னு எடுத்துக் குடுங்க. விதை போட்டா வேற மரமாத்தான் வரும்னு சொல்றாங்க. எனக்கு அதே மரம் வேணும்."

அதற்காகத்தான் அவர் நர்சரிக்குப் போனார். நர்சரிக்காரர் வெற்றிலைச் சிவப்பு வாயோடு சிரித்தார்.

"பதியம் போடுங்க சார். விதைன்னா பிள்ளை மாதிரி, அப்பன் சாயல் ஆத்தா சாயல்னு கலந்து வரும். பதியம் அப்படி இல்ல. அதே ஆளு. வயசு உள்பட. ஆனா தாய்க்கு நோய் இருந்தா அதுவும் கூடவே வந்துரும், பார்த்துக்குங்க."

செய்முறை சுலபமாகத்தான் இருந்தது. பென்சிலை விடக் கொஞ்சம் தடித்த கிளை. அதில் ஒரு விரல் அகலத்துக்குப் பட்டையை வளையமாகச் சீவி எடுத்து, அடியில் இருக்கும் பச்சை வழவழப்பைக் கத்தி முதுகால் சுரண்டி, வெள்ளை எலும்பு போலக் கட்டை தெரியும்படி செய்ய வேண்டும். மேல் விளிம்பில் வேர் பிடிக்கும் பவுடர். ஊறவைத்துப் பிழிந்த தேங்காய் நார்த்தூளை ஒரு பிடி எடுத்துக் காயத்தைச் சுற்றிப் பொதிந்து, பாலித்தீன் தாளால் சுற்றி, இரண்டு முனையையும் காற்றுப் போகாமல் இறுக்கிக் கட்ட வேண்டும். இலையிலிருந்து இறங்கும் சத்து அந்தக் காயத்தைத் தாண்டிக் கீழே போக முடியாமல் அங்கேயே தேங்கும். தேங்கி, போக்கிடம் இல்லாமல் வேராக வெடிக்கும். வேர் நிறைந்ததும் கட்டுக்குக் கீழே அறுத்தால் அது தனி மரம். நாலைந்து கிளைகளில் கட்டினார். ஏசி குழாய்களுக்குச் சுற்றும் கறுப்பு டேப்பால் முனைகளை மூடியபோது, தன் வேலைச் சுத்தத்தைப் பார்த்து அவருக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

ஆவியைப் பார்த்த அன்று மத்தியானம், சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் கண்ணயர்ந்திருந்தவரை ஒரு சத்தம் எழுப்பியது.

ட்டக்.

பிரிட்ஜின் ரிலே சுவிட்ச் போயிருக்கும் என்று எழுந்து போய் அதன் முதுகில் காதை வைத்தார். கம்ப்ரஸர் ஒழுங்காக முனகிக்கொண்டிருந்தது. பிளக்கைப் பிடுங்கினார். முனகல் அடங்கியது. வீடே அடங்கியது. தெருவில் யாரோ இரும்பு கேட்டை இழுத்துச் சாத்தினார்கள். அதுவும் ஓய்ந்தது.

ட்டக். அதன் பின்னால், மெல்ல, ஒரு விழுங்கல்.

பின்னறையிலிருந்து வந்தது. அவர் வெறுங்காலோடு நடந்தார். கட்டில் இருந்த இடத்தில் தரையில் நாலு துருக்கறைகள் மட்டும். ஜன்னல் திறந்திருந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம், எட்டித் தொடும் தூரத்தில், அந்தக் கட்டு. காலையில் பழுப்பாக இருந்த நார்த்தூளை இப்போது வெள்ளை வேர்கள் நரம்புப் பின்னலாக மூடியிருந்தன. மண்ணைத் தேடிக் கீழே இறங்க வேண்டிய வேர்கள். அத்தனையும் ஜன்னல் பக்கமாகத் திரும்பி, பாலித்தீனில் நுனியை அழுத்திக்கொண்டு நின்றன.

கம்பிக்கு வெளியே கையை நீட்டித் தொட்டார். நிழலில் கிடந்த கட்டு வெதுவெதுவென்று இருந்தது. கன்னத்தைக் கம்பியில் பதித்துக் காதை நெருக்கினார்.

ட்டக்.

பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"நீயா?" என்றார்.

அவர் அலமாரியைக் குடைந்து, அவளுக்கு மருந்து ஏற்றிய பழைய சிரிஞ்சைத் தேடி எடுத்தார். தண்ணீரை உறிஞ்சி, தாளுக்குள் ஊசியைச் செலுத்தி அழுத்தினார். நார்த்தூள் கறுத்து உப்பியது. மறுபடி அழுத்தினார். மறுபடியும். கட்டு கனத்துக் கிளை தாழ்ந்தது. விழுங்கும் சத்தம், இந்த முறை நிறைவாய், நனைந்த தொண்டையில் இறங்கும் சத்தமாய்க் கேட்டது.

"குடி. குடிம்மா. இனி யாரும் அளக்கப்போறதில்ல" என்று சொல்லிக்கொண்டே ஜன்னல் கம்பியில் நெற்றியை முட்டி அழுதார். அவள் போன பிறகு அவர் சந்தோஷமாக இருந்த ஒரே நாள் அதுதான்.

மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையோடு வந்தாள். மருமகனுக்குக் கப்பலில் வேலை, பாதி வருஷம் கடலில். குட்டி என்று அவர்கள் கூப்பிடும் பேத்தி மரத்தடியில் உதிர்ந்த பூக்களைப் பொறுக்கிக்கொண்டிருக்க, அவர் மகளை ஜன்னலருகே கூட்டிப்போனார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"காதை வைச்சுப் பாரு."

அவள் வைத்தாள். முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. காதை எடுக்காமலே "அம்மா" என்றாள். கேள்வியாக இல்லை.

மத்தியான வெயிலில் அவர் கை ரம்பத்தால் கட்டுக்குக் கீழே அறுத்தார். மகள் இரண்டு கையாலும் கிளையைத் தாங்கிப் பிடித்திருந்தாள். கடைசி நார் அறுந்தபோது சத்தம் நின்றது. பிறகு ஆரம்பித்தது. மகளின் கையில் இருந்ததிலிருந்து ஒரு 'ட்டக்'. அரை நொடி தள்ளி, மரத்திலிருந்து இன்னொன்று.

இரண்டு.

மகள் கவனிக்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கன்றை மார்போடு அணைத்தபடியே குட்டியோடு வாடகைக் காரில் ஏறிப் போனாள். கார் போன திசையைப் பார்த்துக்கொண்டு அவர் கேட்டருகே நின்றார். 'ஒருத்திதானே செத்தாள்?' என்று மனசு கேட்டது. அதற்கு மேல் யோசிக்க அவர் அதை விடவில்லை.

இன்னொரு கன்றைப் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவுக்குக் கொடுத்தார். மனைவிக்குத் தலை வாரிவிட்டதும், ஆறுமாதம் நைட்டி தைத்துக் கொடுத்ததும் அந்த அம்மாதான். "அக்கா ஞாபகமா வைச்சுக்கறேண்ணே" என்று வாங்கிப் போய்த் தையல் மிஷினுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள்.

மிஷின் சத்தம் மதிலைத் தாண்டி நாள் முழுக்கக் கேட்கும். கொஞ்ச நாளில் அது விட்டு விட்டுக் கேட்டது. பிறகு நின்றுபோனது. அதற்குப் பதிலாகக் குழாய்ச் சத்தம். எந்நேரமும். எட்டிப் பார்க்கப் போனார்.

தையல்காரம்மா கூடத்தில் சொம்பும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் வெட்டிப் போட்ட துணிகள், தைக்கப்படாமல். சொம்பை அண்ணாந்து கவிழ்த்துவிட்டு உதட்டை நக்கினாள். உதடு பாளம் பாளமாய் வெடித்திருந்தது.

"என்னன்னே தெரியலண்ணே. குடிக்கிறேன் குடிக்கிறேன், நாக்கு நனையவே மாட்டேங்குது. இந்தக் காலைப் பாருங்களேன், பெடல்ல வைக்க முடியல."

அவர் பார்த்தார். கணுக்கால் எலும்பு தெரியவில்லை. தோல் மினுமினுத்தது. அவர் விரல் தானாகவே போய் முழங்காலுக்குக் கீழே அழுத்தியது. எத்தனையோ நாள் செய்து பழகிய விரல். எடுத்த பிறகு குழி அப்படியே நின்றது. அவளுடைய மூச்சில் அந்த வாடை. புளித்த, அமோனியா கலந்த, நோய் தீராதவர்களின் வாடை. அந்த அறையிலிருந்து அவர் கழுவிக் கழுவித் துரத்திய வாடை.

மிஷினுக்குப் பக்கத்தில் கன்று கொழுத்து நின்றது. இலையெல்லாம் எண்ணெய் தேய்த்த மாதிரி. தொட்டி மண் காய்ந்து வெடித்திருந்தது. யாரும் அதற்குத் தண்ணீர் ஊற்றவில்லை.

தையல்காரம்மாவின் தொண்டை ஏறி இறங்கியது.

ட்டக்.

கன்றிலிருந்து அல்ல. அவள் வாயிலிருந்து.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி வண்டி வந்து அவளை ஏற்றிக்கொண்டு போனது. வாசலில் நின்றபடியே அவர் மகளுக்குப் போன் போட்டார். இரண்டு தடவை தப்பு எண் விழுந்தது.

"செடி எங்க வைச்சிருக்கே?"

"என் கட்டில் பக்கத்துலப்பா. குட்டிக்கு அதுகூடப் பேசிக்கிட்டே இருக்கணும். பாட்டி பாட்டின்னு..." சொல்லிக்கொண்டிருந்தவள் நிறுத்தி, எதையோ குடித்தாள். நீண்ட நேரம் குடித்தாள். "எனக்குத்தான்பா தாகம் அடங்கவே மாட்டேங்குது."

அவர் சுவரில் சாய்ந்தார்.

"கால்ல அமுக்கிப் பாரு. குழி விழுதா?"

"விழுதுப்பா" என்றாள்.

"மேல வருதா?"

"பார்த்துக்கிட்டே இருக்கேன்." ஒரு மிடறு குடித்தாள். "இன்னும் பார்த்துக்கிட்டே இருக்கேன்."

"ஆஸ்பத்திரிக்கு இப்பவே போ. அந்தச் செடியை வெளியில தூக்கிப் போடு. கொளுத்திடு."

"அம்மாவையா?" என்றாள் மகள். குரலில் கோபம் இல்லை. அவருக்குத்தான் ஏதோ புத்தி பிசகிவிட்டது போல, பரிவாகக் கேட்டாள். போனை வைத்துவிட்டாள்.

விடிந்ததும் விடியாததுமாக அவர் ரம்பத்தை எடுத்தார். வேரே இல்லாமல் போனால் கிளைக்கு ஏது உயிர் என்பதுதான் அவருடைய எண்ணம். அடிமரத்தில் ரம்பம் இறங்க இறங்கத் தண்ணீர் வந்தது. பால் இல்லை, பிசின் இல்லை. தெளிந்த தண்ணீர். அறுப்பின் வழியே கசிந்து, பிறகு வழிந்து, அவர் பாதத்தை நனைத்தது. உடம்புச் சூடு அதற்கு. அதே வாடை. மூச்சைப் பிடித்துக்கொண்டு அறுத்தார். உள்ளே அவள் விழுங்கும் சத்தம் வேகவேகமாகக் கேட்டது. கெஞ்சுவது போல. "இதோ முடிஞ்சுதும்மா, முடிஞ்சுது" என்று சொல்லிக்கொண்டே அறுத்தார். அவளுடைய கடைசி நாளிலும் அதையேதான் சொன்னார்.

மரம் மதில் மேல் சாய்ந்தது. சத்தம் நின்றது.

அவர் ரம்பத்தைப் போட்டுவிட்டு ஈரத்திலேயே உட்கார்ந்தார். காக்கைகள் கத்தின. எங்கோ ஒரு பால்காரர் மணி அடித்தார். நிம்மதி என்ற ஒன்று மெல்ல நெஞ்சில் இறங்கத் தொடங்கியபோது, விழுந்து கிடந்த கிளைகளுக்குள்ளிருந்து கேட்டது. மிச்சம் இருந்த கட்டுகள். ஒன்று. அப்புறம் இன்னொன்று. அப்புறம் எல்லாமும். முன்னை விட உரக்க. பாலித்தீனைக் கிழித்துக்கொண்டு வெள்ளை வேர்கள் வெளியே எட்டிப் பார்த்தன.

தாயிடமிருந்து அறுத்தால்தானே பதியம் பிழைக்கும்.

போன் அடித்தது. மகள்.

"அப்பா, செடி துளிர் விட்டிருக்கு. இப்பத்தான். என் கண்ணு முன்னாலேயே." குரல் குழறியது, வாயில் எச்சில் இல்லாதவர்களின் குரல். "நீங்க வாங்க. ஒரு வேலை இருக்கு. உங்களாலதான் முடியும்."

பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. வழியில் எதையும் அவர் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தபோது காதைப் பொத்திக்கொண்டார். ஊர் வந்தபோது மத்தியானம் சாய்ந்திருந்தது.

மகளின் வீடு மூன்றாம் மாடியில். படியெல்லாம் ஈரம். கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே நடைபாதையில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. ஒரு செருப்பு மிதந்தது. குளியலறைக் குழாய், சமையலறைக் குழாய் எல்லாம் திறந்து கிடந்தன. அந்த இரைச்சலுக்குள்ளும் அவர் காதுக்கு அது தனியாகக் கேட்டது.

ட்டக்.

படுக்கையறை. திரை விலக்கி இருந்தது. நல்ல வெளிச்சம். பாதி அறையை அடைத்துக்கொண்டு மாதுளை நின்றது. அதன் கீழே நாற்காலியில் மகள். முகம் உப்பிக் கண்கள் கோடாகிவிட்டிருந்தன. ஆனாலும் சிரித்தாள்.

"வந்துட்டீங்களா."

"எந்திரி. ஆஸ்பத்திரிக்குப் போலாம்மா. எந்திரி."

"போய்ட்டுத்தான் வந்தேன். அம்மாவுக்குச் சொன்னதையே சொல்றாங்க." அவள் மெல்ல இடது கையை நாற்காலியின் கைப்பிடியில் தூக்கி வைத்தாள். கனமான எதையோ தூக்குவது போல.

முழங்கைக்குக் கீழே ஒரு கட்டு. முட்டை வடிவில். பாலித்தீன் தாள், உள்ளே ஈர நார்த்தூள், இரண்டு முனையிலும் சுற்றிச் சுற்றி ஒட்டிய கறுப்பு டேப். சுத்தமான வேலை. அவர் கையால் கட்டியது போலவே இருந்தது.

"நீங்க செஞ்ச மாதிரியே ஒரு விரல் அகலம் தோலை எடுத்தேன். வலிக்கலப்பா. கை மரத்துப் போச்சு." பாலித்தீனுக்கு அடியில் வெள்ளையாக ஏதோ நெளிந்து, நெருங்கி, நிறைந்திருந்தது. "அம்மா உங்களுக்குக் கிடைச்சாங்கல்ல. அதே மாதிரி நான் இவளுக்குக் கிடைக்கணும். அவங்க அப்பா வர்றதுக்கு இன்னும் எத்தனையோ மாசம். பிள்ளை யார்கிட்ட பேசுவா?"

அவருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"வேர் நல்லா பிடிச்சிருச்சு. இனி கட்டுக்கு மேல, முழங்கைப் பக்கமா அறுக்கணும், அவ்வளவுதான். ஒத்தக் கையால முடியலப்பா." வலது கையால் மடியில் இருந்த ரம்பத்தை எடுத்து அவரிடம் நீட்டினாள். பிடி அவர் பக்கம் இருக்கும்படி, பதவிசாக.

அப்போதுதான் அவர் குட்டியைப் பார்த்தார். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே, பாவாடையைத் தண்ணீரில் மிதக்க விட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு மண்தொட்டி. புது மண் நிரப்பி, நடுவில் ஒரு குழி தோண்டி, பிஞ்சு விரல்களால் விளிம்பைத் தட்டித் தட்டிச் சமன் செய்துகொண்டிருந்தாள்.

தாத்தாவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் தொட்டியைத் தள்ளி, அம்மாவின் கைக்கு நேர் கீழே நகர்த்தி வைத்தாள்.